சகனில் என் பங்கு எவ்வளவு?

ராமநாதபுரம் மாவட்டக் கடலோர ஊர் ஒன்றிலிருந்து ஒரு பள்ளி ஆசிரியை எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு, கடிதத்தின் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

அவருக்கு வயது 42. உயரம் 156 சென்டிமீட்டர். கணவர் வளைகுடா நாட்டில் வேலை செய்கிறார். ஆண்டுக்கு ஒரு முறை இரண்டு மாத விடுப்பில் வருவார். சென்ற ஆண்டு இரத்தப் பரிசோதனையில் எச்பிஏ1சி (இரத்தச் சர்க்கரையின் ஏறத்தாழ மூன்று மாதச் சராசரியைக் காட்டும் அளவு) 6.1 என்று வந்தது. நீரிழிவுக்கு முந்தைய நிலை, மாத்திரை இப்போதைக்கு வேண்டாம், எடையைக் குறையுங்கள் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். அப்போது எடை 72 கிலோ. சமையலறைத் தராசு ஒன்றை வாங்கி, சாப்பிடுவதையெல்லாம் எடை போட்டு, கைப்பேசிச் செயலியில் நாளுக்கு 1,400 கலோரி என்று கணக்கு வைத்து, ஆறு மாதத்தில் 67.5 கிலோவுக்கு வந்துவிட்டார்.

சிக்கல் வீட்டுக்கு வெளியே. வெள்ளிக்கிழமை மதியம் நாத்தனார் வீட்டில் சாப்பாடு. மாதத்துக்கு இரண்டு மூன்று கல்யாண விருந்துகள். கணவர் விடுப்பில் இருக்கும்போது இரவில் பரோட்டா. "நான்கு பேர் ஒரு சகனை (பலர் சேர்ந்து சாப்பிடும் பெரிய தட்டை) சுற்றி உட்கார்ந்து சாப்பிடுகிறோம். அதில் என் பங்கு எவ்வளவு என்று எப்படிப் பதிவது? செயலியில் நெய்ச்சோறு என்று தேடினால் 250 என்றும் வருகிறது, 700 என்றும் வருகிறது" என்று கேட்கிறார். ஒரு நாள் தராசைக் கைப்பையில் வைத்து நாத்தனார் வீட்டுக்கே கொண்டுபோயிருக்கிறார். "எங்கள் வீட்டுச் சோற்றை எடை போட்டுத்தான் சாப்பிட வேண்டுமா?" என்று அந்த அம்மாள் கேட்டதிலிருந்து இரண்டு வீட்டுக்கும் இடையே பேச்சு குறைந்துவிட்டது. இப்போது விருந்து என்றால் காலையிலிருந்து பட்டினி. மறுநாள் எடை 1.4 கிலோ கூடியிருப்பதைப் பார்த்து அன்றும் கஞ்சி மட்டும். "இனி எங்குமே போகாமல் இருந்துவிடலாமா?" என்பது கடைசிக் கேள்வி. மீன்குழம்பு எடை கூட்டாது, கருப்பட்டி சேர்த்த இனிப்பு சர்க்கரையை ஏற்றாது என்று தான் நம்புவது சரிதானா என்றும் கேட்டிருக்கிறார்.

அன்புச் சகோதரிக்கு,

நான் ஒரு உணவியல் ஆலோசகர். கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். போங்கள். கட்டாயம் போங்கள். நாத்தனார் வீட்டுச் சாப்பாட்டை விட்டுத்தான் சர்க்கரையைக் கட்டுப்படுத்த முடியும் என்ற நிலை உங்களுக்கு இல்லை. ஆறு மாதத்தில் உங்கள் எடையில் 6 விழுக்காட்டுக்கு மேல் குறைத்திருக்கிறீர்கள். நீரிழிவுக்கு முந்தைய நிலையில் இருப்பவர்களிடம் முதல் இலக்காக நாங்கள் கேட்பதே 5 முதல் 7 விழுக்காடுதான். அந்த ஆறு மாதத்திலும் நீங்கள் விருந்துக்குப் போய்க்கொண்டுதானே இருந்தீர்கள்? போய் வந்துகொண்டே குறைத்திருக்கிறீர்கள். கடிதத்தில் நீங்கள் கவனிக்காமல் எழுதியிருக்கும் நல்ல செய்தி இது.

அடுத்து அந்த 1.4 கிலோ. உடலில் ஒரு கிலோ கொழுப்பு சேர, தேவைக்கு மேல் ஏறத்தாழ 7,700 கலோரி உள்ளே போக வேண்டும். 1.4 கிலோ என்றால் பத்தாயிரத்துக்கு மேல். ஒரு மதிய விருந்தில் அவ்வளவு சாப்பிட மனிதரால் முடியாது. நீங்கள் பார்த்த எடையில் பெரும்பகுதி தண்ணீர். விருந்துச் சாப்பாட்டில் உப்பு அதிகம். உப்பு தண்ணீரைப் பிடித்து வைக்கும். சோறும் இனிப்பும் அதிகமானால் உடல் அதில் ஒரு பகுதியை ஈரலிலும் தசையிலும் சேமிக்கும். அப்படிச் சேமிக்கும் ஒவ்வொரு கிராமுடனும் ஏறத்தாழ மூன்று கிராம் தண்ணீர் சேரும். இரண்டு மூன்று நாளில் இது தானாக இறங்கிவிடும். மறுநாள் கஞ்சி குடித்ததால்தான் இறங்கியது என்று நினைத்திருப்பீர்கள். வழக்கம்போல் சாப்பிட்டிருந்தாலும் இறங்கியிருக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் நம் பக்கத்து வீடுகளில் கருவாடு கூடுதலாகப் புழங்கும். எண்ணெயே இல்லாமல் கருவாட்டுக் குழம்பு வைத்துச் சாப்பிட்டாலும் மறுநாள் தராசு முள் நகரும். அது உப்பின் வேலை. விருந்துக்கு மறுநாள் எடை பார்க்காதீர்கள். வாரத்தில் ஒரே நாள், உங்களுக்கு வியாழன் காலை பொருத்தமாக இருக்கும், வெறும் வயிற்றில் பார்த்தால் போதும்.

நான்கு பொருளை மட்டும் பாருங்கள்

பிறர் சமைத்த உணவின் கலோரியைத் துல்லியமாகச் சொல்ல யாராலும் முடியாது. என்னாலும் முடியாது. வீட்டில் எடை போட்டு எழுதும் கணக்கிலும் பிழை உண்டு. ஒரு சாளை மீனுக்கும் இன்னொரு சாளை மீனுக்கும் கொழுப்பின் அளவே மாறும். ஆகவே 612 கலோரி என்று எழுத வேண்டும் என்ற ஆசையை விட்டுவிட்டு, 600 என்று எழுதப் பழகுங்கள்.

அந்த 600ஐ எப்படிக் கணிப்பது? எண்ணெய், தேங்காய், சோறு, இனிப்பு. தட்டில் இந்த நான்கும் எவ்வளவு என்று பார்த்தால் கணக்கின் பெரும்பகுதி முடிந்துவிடும். மிளகாய், புளி, வெங்காயம், தக்காளி, கீரை எல்லாம் சேர்ந்தாலும் கலோரி சொற்பம். ஒரு தேக்கரண்டி எண்ணெய் 40 கலோரி. நெய்யும் அதே அளவுதான். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120. வெறும் சோறு 100 கிராம் 130. துருவிய தேங்காய் இரண்டு மேசைக்கரண்டி ஏறத்தாழ 50 முதல் 60. கெட்டியான முதல் தேங்காய்ப்பால் கால் தம்ளர், அதாவது 60 மில்லி, 140 வரை போகும். சர்க்கரை ஒரு தேக்கரண்டி 20. இந்த ஆறு எண்ணை மனப்பாடம் செய்துகொண்டால் செயலியைத் திறக்காமலே உட்கார்ந்து சாப்பிடலாம்.

மீன்குழம்பு எடை கூட்டாது என்ற உங்கள் நம்பிக்கையை இதில் வைத்துப் பார்ப்போம். மீன் நல்லதுதான், அதில் சந்தேகமே இல்லை. விளமீன், பாறை, கணவாய், இறால் இவற்றிலெல்லாம் 100 கிராமுக்கு 100 கலோரியை ஒட்டித்தான் இருக்கும். சாளையில் கூடுதல், ஆனால் அந்தக் கொழுப்பு இதயத்துக்கு உகந்தது. வேறுபாடு குழம்பில் இருக்கிறது. புளிக்குழம்பில் ஒரு துண்டு மீனும் ஒரு கரண்டிக் குழம்பும் 150க்குள் அடங்கிவிடும். அதே மீனை முதல் பால் ஊற்றி ஆணம் (தேங்காய்ப்பால் குழம்பு) காய்ச்சினால் 300ஐத் தொடலாம். மேலே எண்ணெய் மிதக்கும் அளவுக்குத் தாளித்தால் இன்னும் ஏறும். பொரித்த சீலா மீன் துண்டு ஒன்று, தோசைக்கல்லில் சுட்டது என்றால் 150. எண்ணெயில் முக்கிப் பொரித்தது என்றால் 200 என்று வைத்துக்கொள்ளுங்கள். பரிமாறும்போது கிண்ணத்தைச் சற்றே சாய்த்துப் பாருங்கள். ஓரத்தில் ஒதுங்கும் எண்ணெய் எத்தனை தேக்கரண்டி இருக்கும் என்று கண் சொல்லும். மேலாக வடித்துவிட்டு அடியிலிருந்து குழம்பை எடுத்தால் 80 கலோரியாவது மிச்சம்.

கருப்பட்டி விஷயத்தில் உங்களைத் திருத்தியே ஆக வேண்டும். பனைமரக்காட்டு ஊர்க்காரர்களுக்குக் கருப்பட்டியின் மேல் இருக்கும் மரியாதை எனக்கும் உண்டு. ஆனால் அதில் பெரும்பகுதி வெள்ளைச் சர்க்கரையில் இருக்கும் அதே சர்க்கரைச் சத்துதான். கலோரியும் ஏறத்தாழ அதே அளவு. இரத்தச் சர்க்கரையை அதுவும் ஏற்றும். தொதல் என்பது அரிசிமாவு, தேங்காய்ப்பால், கருப்பட்டி ஆகிய மூன்றும் மணிக்கணக்கில் கிண்டப்பட்டுச் சுருங்கிய இனிப்பு. இரண்டு விரல் அகலத் துண்டு ஒன்றுக்கு 150 எழுதுங்கள். முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்து அவிக்கும் இனிப்பான வட்டிலப்பம் அரைக் கிண்ணத்துக்கு 250. பதநீர் ஒரு தம்ளர் 100க்கு மேல். நுங்கு மட்டும் விதிவிலக்கு: 100 கிராமுக்கு 40ஐ ஒட்டித்தான். கோடையில் யார் வீட்டுக்குப் போனாலும் நுங்கு கொடுத்தால் மனநிறைவோடு சாப்பிடுங்கள், சர்க்கரை தூவாமல்.

சகனில் பங்கு

உங்கள் கடிதத்தில் நான் அதிக நேரம் யோசித்தது இதைப் பற்றித்தான். தனித்தட்டு என்றால் கண்ணால் அளக்கலாம். நான்கு கைகள் புழங்கும் ஒரே தாலத்தில் எதை வைத்து அளப்பது?

வழி உங்கள் வழக்கத்திலேயே இருக்கிறது. சகனில் தன் முன்னால் இருப்பதை மட்டும் எடுத்துச் சாப்பிட வேண்டும் என்று உங்கள் வீடுகளில் சிறுபிள்ளைகளுக்கே சொல்லிக்கொடுக்கிறார்கள். அந்த ஒழுக்கமே உங்கள் எல்லைக்கோடு. நான்கு பேர் என்றால் தாலத்தில் கால் வட்டம் உங்களுடையது. இனி வீட்டில் ஒரு பயிற்சி செய்யுங்கள். பெரிய தாம்பாளம் ஒன்றை எடுங்கள். உங்கள் தராசில் 200 கிராம் சோற்றை நிறுத்து, தாம்பாளத்தின் ஒரு கால் பகுதியில், சகனில் பரப்புவதுபோல் பரப்புங்கள். எவ்வளவு தடிமன், உள்ளங்கையை விரித்து வைத்தால் எதுவரை மறைகிறது என்று பாருங்கள். மறுநாள் 300 கிராமை அதேபோல் பரப்புங்கள். ஒரு வாரம் இப்படிப் பார்த்தால் கண்ணுக்கு அளவு பிடிபட்டுவிடும். உங்கள் கவளம் ஒன்று எத்தனை கிராம் என்பதையும் அப்போதே நிறுத்துவிடுங்கள். பத்துக் கவளத்தைத் தட்டில் வைத்து நிறுத்து, பத்தால் வகுத்தால் போதும். 15 கிராமும் வரலாம், 20 கிராமும் வரலாம். அது ஒவ்வொருவர் கையைப் பொறுத்தது. விருந்தில் நடுவில் மறுசோறு வந்து விழும்போது எல்லைக்கோடு கலைந்துவிடும். அப்போது இந்தக் கவளக் கணக்கு கைகொடுக்கும். மறுசோற்றில் பத்துக் கவளம் எடுத்தேன் என்றால் 150 அல்லது 200 கிராம்.

நெய்ச்சோற்றுக்கு எண் வேண்டுமா? செயலியை நம்பாமல் நாமே போடலாம். ஒரு கிலோ அரிசி 3,500 கலோரி. அதற்கு நெய்யும் எண்ணெயும் சேர்த்து 200 கிராம் என்றால் 1,800. ஆக 5,300. வெந்த பிறகு அது ஏறத்தாழ 2.8 கிலோ சோறாகும். 100 கிராமுக்கு 190 வருகிறது. 200 என்று வைத்துக்கொள்ளலாம். உங்கள் ஊர்ப் பண்டாரி (விருந்துச் சமையல்காரர்) கிலோவுக்கு எவ்வளவு நெய் போடுகிறார் என்று கேட்டுப் பாருங்கள். சமையலைப் பற்றிக் கேட்டால் சமைப்பவர்கள் மனம் மகிழ்ந்து சொல்வார்கள். தராசை எடுத்து வைத்தால்தான் மனம் புண்படும்.

இப்போது ஒரு கல்யாண விருந்தைக் கூட்டிப் பார்ப்போம். நெய்ச்சோறு 300 கிராம், 600. கறி ஆணம் ஒரு கிண்ணம், 350. தால்ச்சா (பருப்புக் குழம்பு) அரைக் கிண்ணம், 100. வட்டிலப்பம் அரைக் கிண்ணம், 250. மொத்தம் 1,300. வெளிச் சாப்பாட்டைக் குறைத்து மதிப்பிடுவது எல்லோருக்கும் உள்ள பழக்கம் என்பதால் ஐந்தில் ஒரு பங்கு கூட்டி 1,550 என்று எழுதுங்கள். காலை, மாலை, இரவு சேர்த்து 500 என்றால் அன்றைக்கு 2,050. உங்கள் வயதுக்கும் உயரத்துக்கும் எடை கூடாமல் குறையாமல் நிற்க நாளுக்கு 1,700 முதல் 1,800 வரை தேவைப்படலாம் என்பது என் கணிப்பு. அப்படியானால் நீங்கள் பயந்து நடுங்கும் அந்த நாளில் உடல் உண்மையில் மிஞ்சி வாங்கியது 250, 350 கலோரி. இலக்கான 1,400ஐ வைத்துப் பார்த்தாலும் 650தான் கூடுதல். வாரத்தின் மற்ற ஆறு நாளில் நாளுக்கு 100 கலோரி, அதாவது அரைக் கிண்ணத்துக்கும் குறைவான சோறு, குறைத்தால் வாரக் கணக்கு கிட்டத்தட்ட நேராகிவிடும். அதைக்கூட ஒவ்வொரு வாரமும் செய்ய வேண்டும் என்பதில்லை.

கடைச் சாப்பாடு

பரோட்டாவையும் இதேபோல் பிரித்துப் பாருங்கள். நடுத்தர அளவுப் பரோட்டாவில் மைதா 60 கிராம், 210 கலோரி. பிசையும்போதும் வீசும்போதும் கல்லிலும் சேரும் எண்ணெய் இரண்டு தேக்கரண்டி என்று குறைவாகவே வைத்தாலும் 80. ஆக ஒன்று 300ஐ ஒட்டி. பொரித்த பரோட்டா என்றால் 400 எழுதுங்கள். சால்னா ஒரு கரண்டி 100. கணவர் அன்போடு வாங்கி வருகிறார், அவருக்கு இந்த இரண்டு மாதம்தான் ஊர்ச்சுவை. ஒரு பரோட்டா, ஒரு முட்டை, வீட்டில் நறுக்கிய வெங்காயமும் வெள்ளரியும், சால்னாவைத் தனிக் கிண்ணத்தில் தொட்டுக்கொள்ள. இப்படியானால் 500க்குள் அவரோடு உட்கார்ந்து சாப்பிடலாம். கொத்துப் பரோட்டாவில் எத்தனை பரோட்டா, எவ்வளவு எண்ணெய் என்று பார்க்க வழியில்லை. அதை மட்டும் ஒரு தட்டு வாங்கி இருவராகப் பகிருங்கள்.

உணவகங்களில் கலோரி எழுதி வைக்க வேண்டாமா என்றும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு விதிகளின்படி, மத்திய உரிமம் பெற்ற உணவகங்களும், பத்து அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களில் கிளை வைத்திருப்பவையும் ஒவ்வொரு பரிமாறலுக்கும் கலோரியைப் பட்டியலில் குறிப்பிட வேண்டும். மதுரைக்கோ சென்னைக்கோ போகும்போது பெரிய நிறுவனக் கடைகளில் அதைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. ராமேஸ்வரம் சாலையோரக் கடைக்கு அந்த விதி பொருந்தாது. ஆனால் என்ன எண்ணெய், தேநீரில் எத்தனை கரண்டி சர்க்கரை, குழம்பில் தேங்காய்ப்பால் உண்டா என்று கேட்பதற்கு எந்தச் சட்டமும் தேவையில்லை.

பட்டினி கிடந்து போகாதீர்கள்

இது எனக்கு உண்மையாகவே கவலை தருகிறது. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாமல் இரண்டு மணிக்குச் சகன் முன்னால் உட்கார்ந்தால் முதல் ஐந்து நிமிடத்தில் கை தன் போக்கில் போகும்; வயிறு நிறைந்த செய்தி மூளைக்கு எட்டுவதற்குள் பாதித் தாலம் காலியாகும். வெறும் வயிற்றில் இவ்வளவு சோறும் இனிப்பும் ஒன்றாகப் போனால் சர்க்கரை செங்குத்தாக ஏறும். உங்கள் சிக்கலே சர்க்கரை அல்லவா? உங்களுக்கு மாத்திரை இல்லை. இதைப் படிக்கும் வேறு யாராவது கிளிமிபிரைடு போன்ற, சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவராக இருந்தால், வேளை தவறிய பட்டினி சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடக்கூடும். மருத்துவரைக் கேட்காமல் ஒரு வேளையும் தவிர்க்க வேண்டாம். விருந்தில் முதலில் கறியையும் காய்களையும் நாலு வாய் சாப்பிட்டு, பிறகு சோற்றுக்கு வாருங்கள். வீடு திரும்பியதும் படுக்காமல் பதினைந்து நிமிடம் நடங்கள். சாப்பிட்ட பின் சர்க்கரை ஏறுவதைக் கட்டுப்படுத்த இது உதவும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தராசைக் கைப்பையில் எடுத்துப் போனது, விருந்துகளைத் தவிர்க்க நினைப்பது, சாப்பிட்ட மறுநாள் உடலுக்குத் தண்டனைபோல் கஞ்சி. மூன்றையும் ஒன்றாகப் பார்க்கும்போது கணக்கு உங்களை ஆளத் தொடங்கிவிட்டதோ என்று தோன்றுகிறது. இது நோய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் சாப்பிட்டு முடித்த பிறகும் மணிக்கணக்கில் குற்ற உணர்வு நீடிக்கிறதா, யாரும் பார்க்காதபோது மிதமிஞ்சிச் சாப்பிடுகிறீர்களா, வாந்தி எடுக்க வேண்டும் என்று எப்போதாவது தோன்றியதா என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். ஒன்றுக்காவது ஆம் என்றால் மனநல ஆலோசகர் ஒருவரைப் பாருங்கள். அரசின் டெலி மானஸ் எண் 14416இல் தமிழிலேயே பேசலாம். இல்லை என்றால், அடுத்த நான்கு வாரம் வீட்டில் மட்டும் தராசு, வெளியில் கண்ணும் கையும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளிச் சாப்பாட்டைச் செயலியில் பொருள் பொருளாகத் தேடாமல் ஒரே வரியில் பதியுங்கள்: "நாத்தனார் வீடு, 800." மூன்று மாதம் கழித்து எச்பிஏ1சி பரிசோதனை செய்துகொள்ளுங்கள். நம் கணிப்பு சரியா தவறா என்பதை அந்த எண்ணும் வியாழக்கிழமை எடையும் சொல்லிவிடும். தவறென்றால் எண்ணைத் திருத்துவோம்.

நாத்தனாரிடம் சர்க்கரை விஷயத்தை நீங்கள் சொன்னதாகக் கடிதத்தில் ஓரிடத்திலும் இல்லை. காரணம் தெரியாமல் தராசை மட்டும் பார்த்த அவர் வேறு என்ன நினைத்திருப்பார்? இந்த வெள்ளிக்கிழமை கொஞ்சம் முன்னதாகவே போங்கள். பரிசோதனைத் தாளைக் காட்டுங்கள். ஆணத்துக்கு அவர் தேங்காய்ப்பால் பிழியும்போது பக்கத்தில் உட்கார்ந்து, எத்தனை தேங்காய், எத்தனை பேருக்கு என்று கேளுங்கள். உங்களுக்கு மட்டும் இரண்டாம் பாலில் ஒரு கிண்ணம் எடுத்து வைக்க முடியுமா என்றும் கேளுங்கள். புறப்படும் முன் காலையில் இரண்டு இட்லி சாப்பிட்டுவிடுங்கள். தராசு வீட்டிலேயே இருக்கட்டும்.